மஞ்சக் காயிதம் கொடுத்த வருஷம்

நாங்கள் ஏழைகள் என்பதைக் கோர்ட்டுக்கு எப்படிக் காட்டுவது என்று சொல்லிக்கொடுப்பதற்காக மாமா ஒரு நாள் காலை பஸ்ஸில் பாலக்கோட்டுக்கு வந்து இறங்கினார். அம்மாவின் தம்பி. தருமபுரியில் ஒரு பெரிய வக்கீலிடம் குமாஸ்தாவாக இருப்பதாகச் சொல்லிக்கொள்வார். அந்த வக்கீலின் கேஸ் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு அவருக்குப் பின்னால் கோர்ட்டுப் படியேறுவதுதான் மாமாவின் உத்தியோகம் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. சட்டைப் பையில் இரண்டு பேனா செருகியிருப்பார். இரண்டில் ஒன்றிலாவது மை இருந்து நான் பார்த்ததில்லை.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. எழுபதுகளின் தொடக்கம். கடனைக் கட்ட வழியில்லாதவர், 'என்னிடம் ஒன்றுமில்லை' என்று கோர்ட்டில் எழுதிக் கொடுத்து, கடன் தந்தவர்களுக்கெல்லாம் கோர்ட்டு மூலமாக நோட்டீஸ் போக வைப்பதை எங்கள் பக்கத்தில் மஞ்சக் காயிதம் கொடுப்பது என்பார்கள். பள்ளிக்கூடத்தில் கோலி ஆட்டத்தில் தோற்றுவிட்டுக் கொடுக்காமல் ஓடுகிற பையனுக்கு நாங்கள் வைத்திருந்த பெயரும் அதுதான். அந்தப் பெயர் எங்கள் வீட்டுக்குள் வந்து உட்காரப் போகிறது என்று மாமா பையை இறக்கி வைத்தபோது நான் நினைக்கவில்லை. அவர் எப்போதும் வாங்கிவரும் பொரி உருண்டைக்காக அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அதில் உருண்டை இல்லை.

அப்பா செய்தது புளி வியாபாரம். சுற்றுவட்டார ஊர்களில் மரங்களைக் குத்தகைக்கு எடுத்து, பழத்தை உலுக்கி, ஓடு நீக்கி, கொட்டை எடுத்து, மூட்டை கட்டிச் சேலத்துக்கு அனுப்புவார். நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் குடோன் இருந்தது. அதுவும் வாடகைதான். வீடும் குடோனும் ஒரே ஆளுக்குச் சொந்தம். குடோனில் மாதம்மா என்கிற பெண்மணியும் அவளோடு வரும் பெண்களும் காலை நீட்டி உட்கார்ந்து, சின்ன இரும்புக் கழியால் புளியைத் தட்டிக் கொட்டையைத் தனியாக்குவார்கள். தங்களுக்குள் கன்னடத்தில் பேசிச் சிரிப்பார்கள். எங்களைப் பார்த்தால் தமிழுக்கு மாறுவார்கள். நாள் முழுக்க அந்தச் சத்தம் எங்கள் வீட்டுச் சுவருக்குள் கேட்டுக்கொண்டே இருக்கும். கூலியை வாரத்துக்கு ஒருமுறை கொடுப்பது வழக்கம். அந்த வருஷம் சரக்குப் போனதும் மொத்தமாகத் தருகிறேன் என்று அப்பா சொல்லியிருந்தார். அவர்களும் சரி என்றார்கள். அப்பா சொன்னால் செய்கிறவர்.

குடோன் கூரையின் தகரம் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது. முந்தின மழைக்காலத்திலிருந்தே அப்பா அதை வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரரின் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு சொல்லுவார். "பாத்துக்கலாங்க" என்பார் வீட்டுக்காரர். அப்பா தலையாட்டிவிட்டுத் திரும்பி வருவார். வாடகை வாங்க மட்டும் வீட்டுக்காரருக்கு எங்கள் வாசல் நன்றாகவே தெரிந்திருந்தது.

கோடை மழை ஒரு சாயங்காலம் காற்றோடு வந்தது. கூரையில் பாதி பறந்து பக்கத்துத் தோட்டத்தில் விழுந்தது. மறுநாள் குடோனுக்குள் போனால் காலடியில் கருப்பாகச் சேறுபோல ஒட்டியது. நனைந்த புளியை அப்பா பாயில் பரப்பிக் காயவைத்தார். அது காயக் காயக் கருத்து, புழுத்து, நாறியது. சேலத்து மண்டியில் மூட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்து, "நீங்களாவது நாலு தகரம் வாங்கிப் போட்டிருக்கலாம்ங்க" என்றார். அதற்கும் அப்பா தலையாட்டினார். இப்போது நினைத்தாலும் அந்தத் தலையைப் பிடித்து நிறுத்தியிருக்க வேண்டும் போல இருக்கிறது.

அதற்கப்புறம் வீட்டுக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். குத்தகைப் பாக்கிக்காக மரக்காரர்கள், வட்டிக்குக் கொடுத்துப் புரோநோட்டு எழுதி வாங்கியவர்கள், எங்கள் தாத்தாவுக்குப் பணம் கொடுத்தேன் என்று சொல்லிக்கொண்டு ஒருவர். சாப்பாட்டு நேரத்தில்தான் வருவார்கள். அப்பா தட்டில் கைகழுவிவிட்டு எழுந்து போவார்.

மாமா வந்த அன்று மத்தியானமே வேலையைத் தொடங்கிவிட்டார். அறை அறையாக, அதாவது இரண்டு அறையாக, சுற்றி வந்தார். "அமீனா வருவான்க்கா" என்றார். "கோர்ட்டு ஆளு. வூட்டுக்குள்ள வந்தா கண்ணுல பட்டதெல்லாம் எழுதிக்குவான். ஏலத்துக்குப் போயிடும். அதுக்கு முன்னால நாம வெவரமா இருந்துக்கணும்."

"இருக்கறதே ரெண்டு சட்டி. அதுல என்ன வெவரம்?" என்றாள் அம்மா.

பித்தளை அண்டா, ரேடியோ, அப்பாவின் சைக்கிள், அம்மாவின் தையல் மெஷின். மாமா விரல்விட்டுச் சொன்னார். எல்லாம் இண்டூரில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போய்விட வேண்டும். சூடு ஆறியதும் திரும்பி வந்துவிடும். பிறகு எங்களை வரிசையாக உட்காரவைத்து ஒத்திகை பார்த்தார். அமீனா கேட்டால் என்ன சொல்ல வேண்டும்? ஒன்றுமில்லை என்று சொல்ல வேண்டும். சாப்பிட்டாயா என்று கேட்டால்? சாப்பிட்டேன் என்று பட்டென்று சொல்லக்கூடாது, கொஞ்சம் யோசிக்க வேண்டும். என் தம்பி நிஜமாகவே யோசித்தான். மாமா அவனைத் தட்டிக்கொடுத்தார். ஏற்கெனவே கஞ்சி குடித்துக்கொண்டிருந்த வீட்டில் ஏழையாக நடிக்கச் சொல்லிக்கொடுத்த முதல் ஆள் அவராகத்தான் இருக்க வேண்டும்.

தையல் மெஷின் என்றதும் அம்மா மறுத்தாள். அம்மா கல்யாணத்துக்கு முன்பு கன்னியர் மடத்தில் சிஸ்டர்களிடம் தையல் கற்றவள். அந்த மெஷின் அவளோடு சீதனமாக வந்தது. தெருவில் பாதிப் பேருக்கு ரவிக்கை அவள் கையால்தான். "அது என்னுது. உம் மாமனோட கடனுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டாள்.

"கோர்ட்டுக்கு என்னுது உன்னுதுன்னு தெரியாதுக்கா."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா மேலே கூரை ஓடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது கெடக்கட்டும். புளி தட்டின பொம்பளைங்க கூலிக்கு என்ன பண்றது?"

"அவங்க பேரையும் மத்தவங்களோட எழுதிட்டாப் போச்சு" என்றார் மாமா. காய்கறி வாங்கப் போகிறவர் சொல்வது மாதிரி இருந்தது. அம்மா எழுந்து சமையலறைக்குப் போனாள். பாத்திரங்கள் உருளும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

அண்டாவும் ரேடியோவும் முதலில் மாமாவோடு பஸ்ஸில் போயின. மற்றவற்றுக்கு அவர் ஒரு மாட்டு வண்டி பிடித்து வந்தார். அதுவும் பட்டப்பகலில். இருட்டில் எடுத்தால்தான் சந்தேகம் வரும், வெளிச்சத்தில் எடுத்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள் என்பது அவர் கணிப்பு. அன்றைக்கு ஊரில் சந்தை. தக்காளிக் கூடையோடு போகிறவர்கள், பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் எல்லோரும் எங்கள் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். வண்டியில் சைக்கிள் ஏறியது. அம்மா வேண்டாம் என்றதையும் மீறி, அதன் மேல் பழைய ஜமக்காளம் போர்த்திய தையல் மெஷின் ஏறியது. ஜமக்காளத்துக்குக் கீழே அதன் இரும்புக் கால் தெரிந்தது.

வண்டி நகர்வதற்குள் வீட்டுக்காரர் வந்துவிட்டார். யார் போய்ச் சொன்னார்களோ, வேகமாக வந்த ஆள் நேரே மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டார். இன்னொரு கையில் பூட்டு இருந்தது.

"வாடகை பாக்கிய வெச்சிக்கிட்டு சாமானோட ஓடப் பாக்கறீங்களா?" என்று கத்தினார். "வூட்டப் பூட்டப் போறேன். பாக்கி வந்தப்புறம் தொறந்துவுடறேன்."

ஒரு நிமிஷத்தில் தெரு நின்றுவிட்டது. சந்தைக்கு வந்த மரக்காரர்கள் சிலர் கூட்டத்தில் இருந்தார்கள். எங்களுக்கும் தரணும், எங்களுக்கும் தரணும் என்று குரல்கள் கேட்டன. புரோநோட்டுக்காரர் ஒருவர் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டு, வண்டியில் ஏறி ஜமக்காளத்தைத் தூக்கிப் பார்த்தார். மாமா "சட்டப்படி பேசுங்க, சட்டப்படி பேசுங்க" என்று சொல்லிக்கொண்டே வண்டிக்குப் பின்பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தார். மாதம்மாவும் அவளோடு வேலை செய்த பெண்களும் குடோன் சந்திலிருந்து வந்து நின்றார்கள். அவர்கள் கத்தவில்லை. மாதம்மா மட்டும் அப்பாவிடம், "எங்க கூலியும் போச்சாங்க?" என்று கேட்டாள்.

அப்போதுதான் அம்மா வெளியே வந்தாள். அதுவரை அம்மா தெருவில் நின்று உரக்கப் பேசி நான் கேட்டதில்லை. பூசைக்குப் போகும்போதுகூட முக்காட்டைச் சரிசெய்துகொண்டு சுவரோரமாக நடக்கிறவள்.

"அந்தக் கயித்த வுடுங்க" என்றாள் வீட்டுக்காரரிடம்.

அவர் விடவில்லை.

"கூரைய மாத்துங்க, கூரைய மாத்துங்கன்னு இந்த மனுசன் உங்க வாசல்ல எத்தினி தரம் வந்து கைகட்டி நின்னாரு? அன்னிக்கெல்லாம் இந்தத் தொண்டை எங்க போச்சுங்க? ஒழுகற கூரைக்கு வாடகை வேணும், இல்லீங்களா? அதுக்கடியில நனஞ்சி நாறிப்போச்சே, அந்தப் புளிக்கு யாரு பதில் சொல்றது? இந்தப் பொம்பளைங்க கையி வலிக்க வலிக்கத் தட்டினாங்களே, அதுக்கு யாரு பதில் சொல்றது? பூட்டுங்க. அந்தப் புளிக் கொட்டாயப் பூட்டுங்க மொதல்ல. பூட்டறதுக்கு மேல கூரை இருந்தா பூட்டுங்க."

அந்தக் கோபத்திலும் அவள் வாயிலிருந்து 'ங்க' போகவில்லை. அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். வீட்டுக்காரர் கயிற்றை விட்டுவிட்டார். அம்மா அதோடு நிறுத்தவில்லை. அப்பாவைப் பார்த்து, "நீங்க ஏன் தலைய ஆட்டிக்கிட்டே இருந்தீங்க?" என்று கேட்டாள். ஊருக்கு முன்னால் அப்படிக் கேட்டாள். பிறகு எல்லோரையும் பார்த்துச் சொன்னாள்:

"ஆமா, எங்ககிட்ட ஒன்னுமில்ல. மஞ்சக் காயிதம் குடுக்கத்தான் போறோம். யாருக்கும் தெரியாம ஓடல. எல்லாரும் கேட்டுக்கங்க."

அந்த வார்த்தை எங்கள் வாசலில், அம்மாவின் வாயால் வந்தது. என் வகுப்புப் பையன் ஒருவன் தக்காளிக் கூடைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு என்னைப் பார்த்தான். எனக்கு அவனை அறைய வேண்டும் போல இருந்தது. அவன் ஒன்றும் செய்யவில்லை.

"டேய், மெஷின எறக்கு" என்றாள் அம்மா மாமாவிடம்.

"அக்கா, அமீனா வந்தா..."

"வரட்டும். எம் மூஞ்சியப் பாத்து எடுத்துக்கிட்டுப் போவட்டும்."

மாமா அசையவில்லை. அம்மாவே வண்டியில் ஏறி மெஷினை ஒரு பக்கம் பிடித்து இழுத்தாள். அது கனம். மேல் பலகை அவள் மேல் சாயப் பார்த்தது. மாதம்மா முன்னால் வந்து, மாமாவை முழங்கையால் தள்ளிவிட்டு, மறுபக்கத்தைப் பிடித்தாள். "காலு பத்திரம்மா" என்றாள். இரண்டு பேருமாக இறக்கி, படியேற்றி, உள்ளே கொண்டுபோய் ஜன்னலுக்குக் கீழே பழைய இடத்தில் வைத்தார்கள். மாதம்மா மூச்சு வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். அம்மா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

வெளியே வீட்டுக்காரர் மாசக் கடைசிக்குள் காலி செய்துவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா அதற்கும் தலையாட்டியிருப்பார். நான் போய்ப் பார்க்கவில்லை.

அடுத்த நாள் அம்மா தானே தருமபுரிக்கு மாமாவின் வக்கீலைப் பார்க்கக் கிளம்பினாள். அப்பா, மாமா, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நான். வக்கீல் வயதானவர். வெற்றிலை போட்டுக்கொண்டே அப்பா சொன்னதையெல்லாம் கேட்டார். வண்டிக் கதை வந்ததும் நிமிர்ந்தார்.

"சாமான ஒளிச்சு வெக்கச் சொல்லி யாரு சொன்னது?"

மாமா சுவரில் தொங்கிய காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தார்.

"ஐ.பி., அதான் மஞ்சக் காயிதம், குடுக்கறவன் ஒளிச்சு வெச்சாத்தான்யா குத்தம். ஜெயிலுக்கே போவலாம். சோறாக்கற சாமானு, கட்டற துணி, படுக்கற பாயி, பொழப்புக்கு வெச்சிருக்கற கருவி, இதையெல்லாம் கோர்ட்டு தொடாது. தையல் மெஷினு இந்தம்மா பொழப்பு. அதுவும் அவங்க தாய்வூட்டுச் சீரு. அத எவன் எடுக்க வர்றான்?"

அம்மா மாமாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வக்கீலிடம் கேட்டாள்: "கூலிக்காரப் பொம்பளைங்க இருக்காங்க. அவங்களுக்கு மட்டும் குடுத்துடலாங்களா?"

"அவங்களுக்கு முன்னுரிமை உண்டும்மா. சட்டத்துலயே இருக்குது. ஆனா பங்கு போடறதுக்கு என்ன இருக்குது உங்ககிட்ட? இப்ப நீங்களா ஒருத்தருக்கு மட்டும் காசு குடுத்தா, மத்தவங்க கேள்வி கேப்பாங்க. குடுக்கக்கூடாது."

"காசு இல்லீங்க. துணி தச்சிக் குடுத்தா?"

வக்கீல் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். "அத ஏம்மா எங்கிட்டக் கேக்கறீங்க" என்றார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பஸ் ஸ்டாண்டுக்கு வந்த பிறகுதான் அம்மா மாமாவிடம் வாயைத் திறந்தாள். "வக்கீல்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வர உனக்கு வாயில்லையா? தெருவுல என்ன நிக்கவெச்சிட்டியேடா. அண்டாவும் ரேடியோவும் நாளைக்கு வூடு வந்து சேரணும்." மாமா, "சூடு ஆறட்டும்க்கா" என்றார். இரண்டும் வரவேயில்லை. பல வருஷம் கழித்து அவர் மகள் கல்யாணத்தில் அந்த அண்டாவில்தான் சாம்பார் கொதித்தது என்று கேள்விப்பட்டோம். கேள்விதான் பட்டோம். பத்திரிகை வைக்கவில்லை.

அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போய் மனுவில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். கொஞ்ச நாளில் கடன் கொடுத்தவர்களுக்கெல்லாம் நோட்டீஸ் போனது. மாதம்மாவுக்கும் போனது. அவளுக்குப் படிக்கத் தெரியாது. தபால்காரர் கொடுத்ததை முந்தானையில் முடிந்துகொண்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். "இது என்னான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லும்மா" என்று அம்மாவிடம் நீட்டினாள். அது மஞ்சளாகவே இல்லை. சாதாரணக் காகிதம். எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

அம்மா அதை நின்றபடியே படித்தாள். தன் புருஷனிடம் இவளுக்குக் கொடுக்க ஒன்றுமில்லை என்று எழுதியிருந்ததை இவளுக்கே வரி வரியாகப் படித்துக் காட்டினாள். ஒரு வார்த்தையைக்கூட விடவில்லை. மாதம்மா கேட்டு முடித்துவிட்டு, "செரி" என்றாள். காகிதத்தைத் திரும்ப வாங்கி மடித்தாள்.

"உங்களுக்கு ரவிக்கை தச்சித் தர்றேன். எல்லாருக்கும் தர்றேன். கூலி தீர்ற வரைக்கும்" என்றாள் அம்மா. அதற்கு முன் அம்மா அவளை வா, போ என்றுதான் கூப்பிடுவாள். அன்றிலிருந்து வாங்க, போங்க ஆனது.

"நான் ரவிக்கை போட்டு என்னைக்கும்மா பாத்த? எம் பொண்ணுக்குத் தையி" என்றாள் மாதம்மா.

எங்களுக்கு யாரும் வீடு கொடுக்கவில்லை. தையல் காசில் முன்பணம் தருகிறோம் என்றாலும், மஞ்சக் காயிதம் என்ற பெயரைக் கேட்டதும் வீட்டுக்கு விருந்தாளி வருகிறார்கள் என்பார்கள். கடைசியில் ஊரைத் தாண்டி ரோட்டோரமாக ஓர் ஓட்டு வீடு கிடைத்தது. அதில் ஒருவர் தூக்கு மாட்டிக்கொண்டதால் வெகுநாளாகக் காலியாகக் கிடந்தது. அப்பா ஒரு மண்டியில் கணக்கெழுதப் போனார். அம்மா மெஷினை ஜன்னலோரம் போட்டு மிதித்தாள். மாதம்மா ஒரு நாள், அவளோடு வேலை செய்தவர்கள் ஒவ்வொரு நாள் என்று துணியோடு வந்தார்கள். அம்மா அவர்களிடம் காசு வாங்கவில்லை. நாங்கள் காலையும் இரவும் களிதான் தின்றோம்.

எனக்கு அந்தப் பெண்கள் மேல் அப்படிக் கோபம் வந்தது. மஞ்சக் காயிதம் போன பிறகு மற்றவர்கள் எல்லோரும் எங்களை விட்டுவிட்டார்கள். புரோநோட்டுக்காரர் வருவதில்லை. மரக்காரர்கள் வருவதில்லை. பழைய பக்கத்து வீட்டு அக்காக்கள், பெரியப்பா, சித்தி, மாதா கோயிலில் எங்களோடு ஒரே வரிசையில் உட்காருகிறவர்கள், யாருமே வருவதில்லை. சாப்பாட்டு நேரத்தில் கதவு தட்டப்படாமல் இருந்தது எனக்குப் பெரிய சுகம். ஆளுக்கொரு கஷ்டம், மன்னித்து விட்டுவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். இவர்கள்தான் விடாமல் வருகிறார்கள்.

அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு அம்மா கொஞ்சமாக முறுக்குச் சுட்டாள். முன்பெல்லாம் தட்டுத் தட்டாகப் பலகாரம் மூடி நாங்கள் வீடுவீடாகக் கொண்டுபோவோம். அங்கிருந்தும் தட்டு நிறைந்து வரும். அந்த முறை எங்கும் போகவில்லை, எங்கிருந்தும் வரவில்லை. எல்லா முறுக்கும் எங்களுக்கே என்று நானும் தம்பியும் குதித்தோம். அப்பா புதுச்சட்டை இல்லாமல் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மத்தியானம் கதவு தட்டியது. மாதம்மா. கையில் ஒரு ரவிக்கை. தோள்பட்டை கொஞ்சம் பிடிக்கிறது, பார்த்துத் தரச் சொல்லி மகள் கொடுத்தனுப்பினாள் என்றாள். எனக்குப் பொறுக்கவில்லை. "இன்னிக்குக்கூட வுட மாட்டாங்களா? இவங்க கூலி எப்பத்தான் தீரும்?" என்று அம்மாவிடம் கேட்டேன். மாதம்மாவுக்குக் கேட்கும்படியாகத்தான் கேட்டேன்.

அம்மா என்னைத் திட்டவில்லை. "அது ஆடியிலயே தீந்துபோச்சு" என்றாள். பாயை விரித்து மாதம்மாவை உட்காரவைத்தாள். ஒரு தட்டில் முறுக்கு எடுத்து வைத்தாள். அப்பா எழுந்து வந்து, "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டார். வெகுநேரம் மூன்று பேரும் மழையைப் பற்றியும் புளி விலையைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் தட்டில் குறைகிற முறுக்கையே முறைத்துக்கொண்டிருந்தேன்.

மெஷின் மேல் அந்த ரவிக்கை மடித்தபடியே கிடந்தது. போன மாதம் அம்மா தைத்துக் கொடுத்தது, மடிப்புக்கூடக் கலையாதது. அதில் பிரித்துத் தைக்க ஒன்றுமே இல்லை. மாதம்மா வந்தபோதே அம்மாவுக்கு அது தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை.